அவ போன்ல ஓடுன ரத்தம்

அந்தா, முன்னால வலது பக்கம் மூணாவது சீட்டைப் பாருங்கம்மா. நீலச் சட்டை போட்டு, ஜன்னல்ல சாஞ்சு உக்காந்திருக்காகள்ல, அவுகதான் எங்க வீட்டுக்காரர். பக்கத்துல ஒரு மஞ்சச் சேலை தெரியுதா? அது நான் இல்ல. நான் உங்க பக்கத்துல இங்க உக்காந்திருக்கேன். அது அரசி.

மங்கையர்க்கரசின்னு முழுப் பேரு. அவுக வேலை பாக்குற மில்லுலதான் இவளும் டைம் ஆபீஸ் கிளார்க்கு. சங்கத்துல துணைச் செயலாளர். புருஷன் திருப்பூர்ல வேற குடும்பத்தோட இருக்கான், அதனால இல்லன்னே வச்சுக்கோங்க. பதினோரு வயசுல ஒரு பொம்பளப்பிள்ளை.

அது மூணு பேர் உக்காருற சீட்டு. ராஜபாளையத்துல ஏறும்போது ஒரு இடம் காலியாத்தான் இருந்துச்சு. "மதினி, இங்க வாங்க"ன்னு சீட்டைத் தட்டிக் கூப்பிட்டா. எனக்கு ஜன்னலோரம் இல்லாட்டிக் குமட்டும்னு சொல்லிட்டு நேரா இங்க வந்துட்டேன். குமட்டவெல்லாம் செய்யாது. கூப்பிட வேண்டியது அவளா? அவுகல்ல கூப்பிடணும்.

மதினின்னு ஏன் கூப்பிடுறான்னா, அவுகளை அண்ணன்னு கூப்பிடுறா. அண்ணன் பொண்டாட்டி மதினிதானே. எனக்குக் கட்டிக்கிட்டு வந்த அன்னைக்கே மூணு நாத்தனார் இருந்தாக. நாலாவதா ஒருத்தி வேணும்னு நான் கேக்கல.

மதுரைக்குத்தான் போறோம். இன்சூரன்ஸ் ஆபீஸுக்கு. எங்க மூணு பேரையும் வரச் சொல்லி லெட்டர் போட்டிருக்காக. என்னையும்தான். என்னைத்தான் முக்கியமாக் கூப்பிட்டிருக்காக. நான் சொன்னது ஃபைல்ல இருக்காம்.

அவுகளுக்குச் சர்க்கரை வந்து பதினெட்டு வருசம் ஆச்சு. முதல்ல மாத்திரை, அப்புறம் ஊசி. அந்தப் பதினெட்டு வருசமும் காலையில காப்பிக்கு முந்தி அவுக விரல்ல குத்திப் பாக்குறது நான்தான். கட்டில்ல உக்காந்து கையை நீட்டுவாக. நான் மடியில வாங்கி வச்சு, விரலை நீவி விட்டு, ஓரமாக் குத்துவேன். நடுவுல குத்தினா வலிக்கும். ஒரு சொட்டுப் பட்டையில பட்டதும் மிஷின் நம்பர் காட்டும். அதை நோட்டுல எழுதுவேன். பதினோரு நோட்டு எழுதியிருக்கேன்.

அவுக பேச்சு ரொம்பக் கம்மி. எங்க கல்யாணத்துல தாலி கட்டிட்டு அவுக பேசின முத வார்த்தை "ஃபேன் ஓடலையா"ங்கிறது. கையைப் பிடிச்சு நடக்கிறது, தோள்ல கை போடுறது, அதெல்லாம் எங்களுக்கு நடந்ததே இல்ல. ஆனா தினமும் காலையில ஒரு அஞ்சு நிமிசம் அந்தக் கை என் மடியில இருக்கும். உங்களுக்குச் சொன்னா சிரிப்பு வரும். எனக்கு அது போதும்னு இருந்துச்சு.

போன வருசம் ஒரு நாள் மில்லுல மிஷினுக்கு முன்னால மயங்கி விழுந்துட்டாக. சர்க்கரை ரொம்ப இறங்கிருச்சு. சுத்தி நின்னவனெல்லாம் மாரடைப்புன்னு நெஞ்சை நீவிக்கிட்டு இருந்திருக்கான். இவதான் டைம் ஆபீஸ்ல இருந்து ஓடி வந்து, வேர்வையைத் தொட்டுப் பாத்து, "சர்க்கரைத் தண்ணி கொண்டாங்க"ன்னு கத்தியிருக்கா. அவ பிள்ளைக்கு அஞ்சு வயசுலேயே அந்த நோய் வந்துருச்சு. அதனால அவளுக்குத் தெரிஞ்சிருக்கு.

நல்லதுதான் பண்ணுனா. நான் இல்லைங்கல. ஒரு சீப்பு பழம் வாங்கிட்டுப் போய்ப் பாத்து நன்றி சொல்லிட்டுத்தான் வந்தேன். அதோட முடிஞ்சிருக்கணும்ல?

முடியல. சங்கத்துல இவ ஒரு மனு எழுதுனா. சர்க்கரை பாக்குற சென்சார்னு ஒண்ணு வந்திருக்காம்ல, ஒரு ரூபா காசு அகலத்துக்கு, கையில ஒட்டிக்கிட்டா ராத்திரி பகலா அதுவே பாத்துக்கிட்டு இருக்கும். அந்தச் சென்சாரை மில்லு இன்சூரன்ஸுல கட்டாயமாச் சேக்கணும், ஊசி போடுற எல்லாத் தொழிலாளிக்கும் அவுக பிள்ளைகளுக்கும் கொடுக்கணும்னு மனு. இன்சூரன்ஸ் கம்பெனிக்காரக உடனே ஒத்துக்கல. மூணு மாசம் ஆறு பேருக்குச் சும்மா தர்றோம், பாத்துட்டு முடிவு பண்ணலாம்னுட்டாக. அந்த ஆறுல அவ பிள்ளை ஒண்ணு, எங்க வீட்டுக்காரர் ஒண்ணு.

ஒட்டிக்கிட்டு வந்தாக. மறுநாள் காலையில நான் மிஷினும் பட்டையும் எடுத்துக்கிட்டுப் போய் உக்காந்தா, "இனிமே வேண்டாம் பூரணம்"னு போனைக் காட்டுறாக. நூத்தி இருபத்தி ஆறுன்னு அதுல இருக்கு. கையை நீட்டல. நான் மடியை விரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். அந்தச் சென்சார்ல இன்னொரு ஏற்பாடு இருக்கு. சர்க்கரை ஏறினா இறங்கினா அவுக போன்ல மட்டும் இல்ல, இன்னொருத்தர் போன்லயும் மணி அடிக்கும். அந்த இன்னொருத்தர் யாருன்னு நினைக்கிறீங்க?

என்கிட்ட அப்ப பட்டன் போன்தான். நான் கேட்டேன், "எனக்கு ஒரு பெரிய போன் வாங்கிக் கொடுத்தா நான் பாத்துக்க மாட்டேனா?" அதுக்கு, "உனக்கு அதெல்லாம் ஓடாது. மில்லுல இருக்கிற நேரம்தான் பயம், அரசி பக்கத்துலதானே இருக்கா"ங்கிறாக. அரசி பக்கத்துலதானே இருக்கா! எவ்வளவு லேசாச் சொன்னாக தெரியுமா?

அதுல இருந்து என் வீட்ல என்ன சமைச்சேன்னு அவளுக்குத் தெரியும்மா. ஒரு ஞாயித்துக்கிழமை மட்டன் எடுத்து, வெள்ளைப் பணியாரமும் சுட்டு வச்சிருந்தேன். அவுக ஆசையா நாலு கூடத் தின்னுட்டாக. கை கழுவல, போன் அடிக்குது. "மதினி, அண்ணனுக்கு இருநூத்தி நாப்பதுல நிக்குது. என்ன சாப்பிட்டாக?" இன்னொரு நாள் நான் சோறு வடிச்சுக்கிட்டு இருக்கேன், "மதினி, அண்ணனுக்கு எழுபதுக்குக் கீழ வருது, உடனே ஏதாவது குடுங்க"ங்கிறா. ஓடிப் போய்ப் பாத்தா அவுக கட்டில்ல வேர்த்து நனைஞ்சு கெடக்காக. அடுத்த அறையில இருக்கிற எனக்குத் தெரியல, நாலு தெரு தள்ளி இருக்கிறவளுக்குத் தெரியுது. அவளுக்கு நன்றி சொல்லணும்னு தோணுமா, எரியுமா? என் புருஷனோட ரத்தம் அவ போன்ல ஓடுதும்மா. என் வீட்டுக்குள்ள.

பாருங்க, இப்ப என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு. ஃபைலை மடியில விரிச்சு வச்சு அவ விரலால காட்டுறா, அவுக தலையை ஆட்டுறாக. முப்பது வருசத்துல நான் காட்டி அவுக ஒரு கல்யாணப் பத்திரிகைகூட முழுசாப் படிச்சதில்ல.

என்ன கேட்டீங்க? சாப்பாடா? அஞ்சரை பஸ்ஸுன்னு கிளம்பினதால சாப்பிடல. அவுகளுக்கு ஊசி போட்டுத்தான் கூட்டிட்டு வந்தேன். இட்லி இந்தா, என் பையில இருக்கு. வந்து கேக்கட்டும், கொடுப்பேன். பொண்டாட்டி ஒருத்தி பின்னால இருக்காள்னு ஞாபகம் வந்தா கேப்பாக.

எங்க விட்டேன்? ஆங். நான் சும்மா இருக்கல. அவுக தூங்கி எந்திரிக்கிறதுக்கு முந்தி, விரலைப் பிடிச்சு நைசாக் குத்திப் பாத்துருவேன். என் மிஷின்ல நூத்திப் பதினெட்டு, அவுக போன்ல நூத்தி நாப்பத்தி ரெண்டு. இன்னொரு நாள் என்னுது தொண்ணூறு, அதுல நூத்திப் பத்து. எல்லாத்தையும் தேதி போட்டு எழுதினேன். டாக்டர்கிட்ட ஒரு தடவை கேட்டதுக்கு, "கொஞ்சம் முன்ன பின்ன இருக்கத்தான்மா செய்யும், விரல் ரத்தம் வேற, சென்சார் அளக்கிற தோலுக்கடி நீர் வேற, அது பத்து நிமிசம் பிந்திக் காட்டும்"னாரு. நான் அந்தப் பேச்சை நோட்டுல எழுதல. நம்பரை மட்டும் எழுதினேன்.

மூணு மாசம் முடிஞ்சு மில்லு கேண்டீன்ல கூட்டம். குடும்பத்தோட வரச் சொல்லியிருந்தாக. மதுரையில இருந்து கண்ணாடி போட்ட ஆபீஸர் ஒருத்தர் வந்திருந்தாரு. கட்டாயமாச் சேத்தா எல்லாருக்கும் சந்தா கொஞ்சம் ஏறும், சர்க்கரை இல்லாதவகளுக்கும் ஏறும், என்ன சொல்றீங்கன்னு கேட்டாரு.

பால்பாண்டின்னு ஒரு ஃபிட்டர், உடனே எந்திரிச்சான். "எனக்குச் சர்க்கரை கிடையாது. நான் எதுக்குக் கட்டணும்?"

இவ விடுவாளா? "நாளைக்கும் வராதுன்னு எழுதிக் குடுக்கிறீங்களாண்ணே?"

ஹாலே சிரிச்சுச்சு. அப்புறம் அவ பிள்ளை பவதாரணியை எந்திரிக்கச் சொன்னா. அது ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுச்சு. விரல் நுனி பூரா கறுப்புப் பொட்டு. "இந்த மூணு மாசம்தான் சார் நான் வீணை கிளாஸுக்குப் போனேன். விரல் வலிக்கல"ன்னுச்சு. பொம்பளைக எல்லாம் உச்சுக் கொட்டினாக. நானும்தான் கொட்டினேன்.

அதுக்கப்புறம் எங்க வீட்டுக்காரர் எந்திரிச்சாக. கூட்டத்துல பேசுற ஆளே இல்ல அவுக. "தோழர்களே, நான் இன்னைக்கு உசிரோட நிக்கிறேன்னா அதுக்கு ரெண்டு பேர் காரணம்"னு ஆரம்பிச்சாக. நான் முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டேன். எல்லாரும் திரும்பிப் பாப்பாகன்னு.

"ஒண்ணு இந்தச் சென்சார். இன்னொண்ணு தங்கச்சி அரசி"ன்னாக.

பதினெட்டு வருசம்மா. பதினோரு நோட்டு. அவுக உக்காந்துட்டாக. இன்னும் ஏதாவது சொல்லுவாக சொல்லுவாகன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.

எப்படி எந்திரிச்சேன்னு எனக்குத் தெரியாது. கையில நோட்டு. "சார், அந்த மிஷின் காட்டுறது தப்பு. நான் தினமும் குத்திப் பாத்து எழுதியிருக்கேன், இந்தாங்க. இருபது, இருபத்தஞ்சு வித்தியாசம் வருது. இதை நம்பி ஊசி போட்டா என்ன ஆகும்? வீட்ல பொம்பளைக நாங்க எதுக்கு இருக்கோம்? நாங்க குத்திப் பாத்துக்க மாட்டோமா? இதுக்கு எல்லாரும் சந்தா கட்டணுமா?"

கைதட்டல்னா அப்படி ஒரு கைதட்டல். பால்பாண்டி நின்னுக்கிட்டே தட்டினான். ஆபீஸர் என் நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுத்துக்கிட்டாரு. என் பேரு, வயசு, எல்லாம் எழுதிக்கிட்டாரு. பூரணம், கணவர் பெயர் சுந்தரலிங்கம்னு அவரு வாசிச்சப்பதான் அந்த ஹால்ல எல்லாரும் நான் யாருன்னு பாத்தாக.

பத்து நாள்ல கடுதாசி வந்துச்சு. கட்டாயம் இல்ல, வேணுங்கிறவக தனியா வாங்கிக்கலாம்னு. அந்த விலை கட்டுபடியாகாம சென்சாரை எல்லாரும் கழட்டினாக.

அவுக என்னை ஒரு வார்த்தை திட்டல. மறுநாள் காலையில கையை நீட்டினாக. நான் மடியில வாங்கிக்கிட்டேன். ஆனா மூஞ்சியைச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாக. குத்தி முடிக்கிற வரைக்கும் திரும்பல. இருந்துட்டுப் போகுது, கை வந்துருச்சுல்லன்னு நினைச்சேன். அன்னைக்கு எனக்குச் சந்தோசம்தான். உங்ககிட்ட என்னத்துக்கு மறைக்கணும்?

அடுத்த மாசம், பள்ளிக்கூடத்துல விளையாட்டுப் பீரியடு. அந்தப் பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கி, மாடிப்படியில மயங்கி உருண்டுருச்சு. முன்பல்லு ரெண்டு போச்சு. நெத்தியில ஒன்பது தையல். ரெண்டு நாள் நினைவு சரியா இல்ல.

விளையாட விட்டது டீச்சர். மத்தியானம் பிள்ளை சரியாச் சாப்பிடாதது பிள்ளை. என் பேச்சுக்கும் அதுக்கும் என்ன இருக்கு சொல்லுங்க? நான் எழுதினதுல ஒரு நம்பர் பொய் கிடையாது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைப் பாத்ததும் இவ கத்துவா, கத்தினா நானும் நாலு பதில் சொல்லணும்னு வழியெல்லாம் யோசிச்சு வச்சுக்கிட்டுத்தான் போனேன். இவ எந்திரிச்சு ஸ்டூலை எனக்குப் போட்டா. "சாப்பிட்டீங்களா மதினி"ன்னு கேட்டா. அவ்வளவுதான். யோசிச்சு வச்சதெல்லாம் எனக்குள்ளயே கெடக்கு இன்னும். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அன்னைக்கு வீட்டுக்கு வந்துதான் அவுக வாயைத் திறந்தாக. "நீ சொன்னதுல பொய் இல்ல பூரணம். ஆனா அதை எதுக்குச் சொன்ன?" நான் சட்டி கழுவிக்கிட்டு இருந்தேன். காதுல விழாத மாதிரி கழுவிக்கிட்டே இருந்துட்டேன்.

இப்பச் சங்கம் மறுபடி மனு போட்டிருக்கு. மறுக்கிறதுக்குக் கம்பெனி என் பேச்சைத்தான் காட்டுதாம். அதனால நேர்ல வந்து, சொன்னது சொன்னதுதானா, இல்ல மாத்திச் சொல்றேனான்னு சொல்லணும். என்ன சொல்லப் போறேன்னு எனக்கே தெரியலம்மா. இந்த ரெண்டு பேர்ல ஒருத்தராவது "மாத்திச் சொல்லு"ன்னு கேட்டாகளா? கேக்கல. கேட்டா என்ன குறைஞ்சு போச்சு? என்கிட்ட வந்து நின்னு கேக்கக் கூடாதா?

பாத்தீங்களா, கர்ச்சீப்பை எடுத்து நெத்தியைத் துடைக்கிறாக. காத்து இவ்வளவு அடிக்குது, என்ன வேர்வை? நான் பாக்குறேன்னு தெரிஞ்சு போச்சு, அதான்.

அடி... அடி, அங்க பாருங்கம்மா. தலையைச் சாய்ச்சுட்டாக. அவ தோள்ல! பட்டப்பகல்ல, பஸ்ஸுக்குள்ள, நான் இங்க உக்காந்திருக்கும்போது. என் தோள்ல ஒரு நாள், ஒரே ஒரு நாள் சாஞ்சிருப்பாகளா? அவ கன்னத்தைத் தட்டுறா பாருங்க. வாயில என்னமோ ஊட்டுறா. இன்னைக்கு நான் இதைக் கேக்காம விடப் போறதில்ல. நாலு பேர் பாத்தாலும் சரி...

சட்டை... சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கே. முதுகு பூரா.

ஐயோ. வழி விடுங்கம்மா. இந்த இட்லிப் பையை எடுங்க. உங்க தண்ணிப் பாட்டிலைக் குடுங்க. ஏங்க! ஏங்க!

இந்தாங்கம்மா உங்க பாட்டில். ரொம்பப் புண்ணியம். பாதியைச் சிந்திட்டேன். இப்பத் தேவலை. தெளிஞ்சுட்டாக. கண்டக்டர் வண்டியைத் திருமங்கலம் ஆஸ்பத்திரிக்கு விடவான்னு கேட்டாரு, நல்ல மனுசன். அதுக்குள்ள அவுகளே கண்ணைத் திறந்துட்டாக. அவ பையில எப்பவும் சர்க்கரைப் பொட்டலம் வச்சிருக்கா, பிள்ளைக்குன்னு. அதை நாக்குல தடவி விட்டிருக்கா. அப்புறம் நான் இட்லியைப் பிச்சு ஊட்டினேன். நாலும் தின்னாக.

என்கிட்ட என்ன கேட்டாக தெரியுமா? கண்ணு முழிச்சதும் என்னைப் பாத்து, "எங்க போயிருந்த?"ன்னு கேட்டாக.

பின்னாலதான் இருந்தேன்னு சொன்னேன்.

ஆறு சீட்டுப் பின்னால. கண்ணை எடுக்காமப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், நீங்களே சாட்சி. வேர்வையைப் பாத்தேன். தலை சாஞ்சதைப் பாத்தேன். எல்லாத்தையும் பாத்தேன். பாத்து என்னத்தை நினைச்சேன்னு உங்களுக்குத்தான் தெரியும். அவுககிட்டச் சொல்லிராதீங்க.

அவளைக் கேட்டேன், "பக்கத்துலதானே இருந்த, உனக்கும் தெரியலையா?" "எனக்கும் இப்பத்தான் மதினி தெரிஞ்சுச்சு. ஒரே வரியை மூணு தடவை படிச்சாக. ஃபைல் மும்முரத்துல நானும் கவனிக்கல. சென்சார் இருந்திருந்தா கால் மணி நேரத்துக்கு முந்தியே அடிச்சிருக்கும்"னா.

அப்பத்தான் கேட்டேன். எம்மக பழைய போனைக் குடுத்திருக்காம்மா, பெரிய போன், இந்தா. இதுல வர்ற மாதிரி வைக்க முடியுமான்னு கேட்டேன். ஏன்னா, எனக்கு வச்சா அவளுக்கு நின்னு போயிரும், அவளுக்கு வச்சா எனக்குக் கிடையாதுன்னுதான் இத்தனை நாளும் நினைச்சிருந்தேன். அவ என்ன சொல்றா? "அஞ்சாறு போனுக்குப் போகும் மதினி. யார் யாருக்கு வேணுமோ எல்லாருக்கும் போகும்."

அஞ்சாறு போனுக்குப் போகுமாம்மா! இதை ஏன் ஒருத்தரும் என்கிட்டச் சொல்லல? "நீங்க கேக்கலையே மதினி"ங்கிறா. கேக்கல. ஆமா. கேட்டிருந்தா அந்தப் பிள்ளை பல்லு...

சரி. ஆபீஸர் கேட்டாச் சொல்லிருவேன். கட்டாயமாக் குடுங்க சார், எல்லாருக்கும் குடுங்க, பால்பாண்டி வீட்டுக்கும் சேத்து. நோட்டுல எழுதினது நிசம், அன்னைக்கு நான் பேசினது வேறன்னு சொல்லிருவேன். வேறன்னா என்னன்னு அவரு திருப்பிக் கேட்டா என்னம்மா சொல்றது? அந்த ரெண்டு பேரும் பக்கத்துலேயே நிப்பாக. அவ பிள்ளை பேரைச் சொல்லி ஆரம்பிச்சுருவேன். அதுக்கு மேல வாயில என்ன வருதோ வரட்டும்.

பையை எடுக்கத்தான் வந்தேன். முன்னால போறேன். அவ ஓரமா நகந்து நடு இடத்தை எனக்கு விட்டிருக்கா.

ஒண்ணே ஒண்ணு மட்டும் அவகிட்டக் கண்டிசனாச் சொல்லிட்டேன். சென்சார் மறுபடி வந்துச்சுன்னா மணி முதல்ல என் போன்லதான் அடிக்கணும். அப்புறம்தான் அவளுக்கு. "எல்லாத்துலயும் ஒரே நேரத்துலதான் மதினி அடிக்கும்"னு சிரிக்கிறா. சிரிக்கட்டும். ஒரு நிமிசம்கூட வேண்டாம், ஒரு நொடி எனக்கு முந்தி அடிக்கிற மாதிரி வைக்க வழி இருக்கான்னு, அந்த ஆபீஸர்கிட்ட நானே கேட்டுப் பாக்கப் போறேன்.